முன்பாரில் ஏறியவர்

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது கதை எடுத்தால் அந்தக் கூட்டத்திலிருந்து முதலில் எழும்பித் தேநீர் ஊற்றப் போகிறவன் நான்தான். பயத்தில் இல்லை, அலுப்பில். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கை சுடலையை ஒட்டித்தான் போகும், அந்த வழியால் எந்த நேரத்திலும் தனியாகச் சைக்கிளில் வந்திருக்கிறேன், ஒரு கறுத்த நாயைத் தவிர வேறு எதுவும் என்னைத் துரத்தியதில்லை. அதோடு நான் நில அளவையாளனாக வேலை பார்த்தவன். கண்ணால் பார்த்து, சங்கிலி பிடித்து அளந்ததை மட்டும் தாளில் எழுது என்று பழக்கப்பட்ட ஆள். அப்படிப்பட்ட நான் இதைச் சொல்கிறேன் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நம்புவதும் நம்பாமல் விடுவதும் உங்கள் பாடு.

எனக்கு ஊரில் 'சைக்கிள் நேசன்' என்று பெயர். சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டுப் போட்டிகளில் சைக்கிள் ஓட்டம் என்றால் நான் முதலாவது, மற்றவர்கள் இரண்டாவதிலிருந்து எண்ணிக்கொள்ள வேண்டும். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன், பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது, யாழ்ப்பாணம் ரொட்டிக்கல்லு மாதிரித் தட்டையான ஊர். எங்களுக்கு மேடு என்றால் மதகு, அதுவும் ஏறினோமா இறங்கினோமா என்று தெரியாமல் முடிந்துவிடும். எங்களுக்கு எதிரி காற்றுத்தான். கடலோர வீதியில் சோளகக் காற்றுக்கு எதிரே பன்னிரண்டு மைல் பெடலை உழக்கிக்கொண்டு போவேன், அதற்குப் பழகிய கால்கள் இவை. மலை என்ற ஒன்றை என் கால்கள் கேள்விப்பட்டதே இல்லை.

எண்பதுகளில் லண்டனுக்கு அகதியாக வந்து, தோர்ண்டன் ஹீத்தில் ஒரு ஸ்டேஷனுக்கு அருகில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம், நானும் என் மனைவி ராஜியும். நில அளவை படித்த சான்றிதழை நான் காட்டாத அலுவலகம் இல்லை. ஒவ்வொருவரும் அதைத் திருப்பிப் பார்த்து, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்பதுபோலப் பார்த்து, மரியாதையாகத் திருப்பித் தந்தார்கள். கடைசியில் ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் வேலை கிடைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஈஸ்ட் க்ரொய்டனுக்கு ஒன்று, விக்டோரியாவுக்குத் திரும்பி வர ஒன்று. நான் குறை சொல்லவில்லை, சோறு போட்ட வேலை. ஆனால் ஊரிலிருந்து நான் கொண்டுவந்ததில் இந்த நாட்டில் சான்றிதழ் கேட்காத பொருள் என் இரண்டு கால்கள் மட்டும்தான். அதனால்தான் ரயில்வே ஆட்கள் நடத்திய சைக்கிள் கழகத்தில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கென்ட் பக்கம் போவார்கள், காற்று அடித்தால் எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொள்வார்கள், எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

கழகத்துக்கு ஒவ்வொரு செப்டெம்பரும் ஒரு பெரிய பயணம் உண்டு. பிரான்சில் வோஜ் மலைக்காட்டுக்குள் மூன்று நாள். காடு என்றால் காடு, ஊசியிலை மரங்கள் பாதைக்கு மேலே கூரை போட்டிருக்கும், ஒவ்வொரு குன்றின் தலையிலும் சிவப்புக் கல்லில் ஒரு பழைய கோட்டை பாதி இடிந்தபடி நிற்கும். எல்லோரிடமும் ஒரு அட்டை இருக்கும், போகிற கோட்டை ஒவ்வொன்றிலும் அதில் முத்திரை குத்த வேண்டும். கடைசிக் கோட்டைதான் எமன். அடிவாரத்தில் ஒரு கல்தொட்டி, அதில் ஊற்றுத் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும், அங்கிருந்து ஏழு வளைவுகள், ஐந்து கிலோமீட்டர், ஒரே ஏற்றம். மேலே கோட்டை வாசலை ஆறு மணிக்குச் சாத்திவிடுவார்கள், வாசலோடு முத்திரையும் உள்ளே போய்விடும். அந்தக் கோட்டையின் பெயர் இன்றுவரை என் வாயில் ஒழுங்காக நுழைந்ததில்லை, அதனால் விடுங்கள்.

முதல் வருடம் மூன்றாவது வளைவில் மூச்சு நின்றுவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போனேன், வாசல் பூட்டியிருந்தது. இரண்டாவது வருடம் நான்காவது வளைவு. கால் இரண்டும் கட்டையாகிப் புல்லில் விழுந்து கிடந்தேன், பின்னால் வந்த வேன் என்னை ஏற்றிக்கொண்டது. அந்த வேனில் தேநீர்ப் பிளாஸ்குக்குப் பக்கத்தில் ஒரு இருக்கை இருந்தது. அதற்குக் கழகத்தில் 'நேசனின் சீட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, அவர்களுக்கு அப்படித்தான் அன்பு காட்டத் தெரியும். கழகத் தலைவர் ஜெஃப், அறுபது வயது சிக்னல்காரர், நல்ல மனிதர், என் தோளில் தட்டி, அடுத்த வருடம் நீ தொடக்கக்காரர்களோடு ஆற்றோரப் பாதையில் வரலாமே, அதுவும் அழகான பாதைதான் என்றார். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஏன் மறைக்க வேண்டும், அழுதேன்தான்.

ராஜிக்குத் தெரிந்துவிட்டது. "இஞ்சாருங்கோ, போறதெண்டா இன்னும் ஒருக்காப் போங்கோ. இந்த முறையும் ஏலாட்டி அந்த மலையை விட்டிடுங்கோ. நெடுக நெடுக மனுசன் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு வந்து நிக்கிறதைப் பாக்க எனக்கு ஏலாது" என்றாள். நானும் ஓம் என்றேன். ஆக இது கடைசித் தரம். இந்த முறை முத்திரை விழாவிட்டால் சைக்கிள் நேசன் என்கிற ஆள் முடிந்தான், மிச்சம் இருப்பது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற டிக்கெட்காரன்.

அந்த மூன்றாவது வருடம், தொண்ணூறுகளின் தொடக்கம், மற்றப் பதினொரு பேரும் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு நடக்க, நான் அகதிக்குரிய பயணப் பத்திரத்தோடும் அரைநாள் வரிசையில் நின்று எடுத்த விசாவோடும் போனேன். பிரெஞ்சுக் கரையில் அதிகாரி எதற்குப் போகிறாய் என்று கேட்டார். ஒரு மலை ஏற என்றேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், முத்திரை குத்தினார். முதல் முத்திரை விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

என் சைக்கிளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். பழைய நீல நிறச் சைக்கிள், வளைந்த ஹாண்டில், பின்னால் கரியர், கரியரில் மூன்று நாள் உடுப்புப் பை. கியர் இருந்தது, ஆனால் மேட்டில் சின்னக் கியருக்கு இறங்குவது எனக்கு வெட்கக்கேடாகப் பட்டது, கியர் இல்லாத சைக்கிளில் முதலாவதாக வந்தவன் அல்லவா. ஹாண்டிலுக்கு நட்டநடுவில் ஒரு மணி. அது ராஜி பழைய பொருட்கள் விற்கிற கடையில் வாங்கிப் பூட்டிவிட்டது, விரலால் நாக்கை அமுக்கினால் கிணிங் கிணிங் என்று இரண்டு தரம் அடிக்கும். கழகத்தில் வேறு யாருடைய சைக்கிளிலும் மணி கிடையாது. எடை கூடுமாம்.

மூன்றாம் நாள் மத்தியானத்திலிருந்து தூறல். மழை விட்டதும் காட்டுக்குள்ளிருந்து வெள்ளைப் புகைபோலப் புகார் எழும்பிப் பாதையை மூடிக்கொண்டது. நான்கரை மணிபோல என் முன்சில்லு பஞ்சராகிவிட்டது. மற்றவர்களைப் போகச் சொன்னேன், என்னால் அவர்களுக்கு நேரம் போகக்கூடாது. டியூபை ஒட்டி, காற்றடித்து, விரலெல்லாம் கறுப்பாக, கல்தொட்டிக்கு வந்து சேர்ந்தபோது ஐந்தே கால் தாண்டிவிட்டது. வேன் எனக்கு முன்னாலேயே மேலே போயிருந்தது. நாற்பது நிமிடத்துக்கும் கொஞ்சம் கூட இருக்கிறது, ஏழு வளைவு, ஈரக் கால்கள். உண்மையைச் சொன்னால் அந்த இடத்திலேயே எனக்கு மனம் விட்டுப்போயிற்று. கல்தொட்டியில் முகத்தைக் கழுவினேன். நிமிர்ந்தால் பாதை ஓரத்தில் ஒருவர் நிற்கிறார்.

வயதான ஆள். மெலிந்த உடம்பு, தடித்த கம்பளிக் கோட்டு, காற்சட்டையின் இரண்டு கால்களையும் கணுக்காலுக்கு மேல் கயிற்றால் கட்டியிருந்தார், சங்கிலியில் சிக்காமல் இருக்க நாங்கள் கட்டுவோமே, அப்படி. கையில் ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்து வலது கையை இடுப்பு உயரத்துக்கு உயர்த்தி, உள்ளங்கை நிலத்தைப் பார்க்க, மெல்ல இரண்டு தரம் அசைத்தார். பிறகு முகத்தை நிமிர்த்தி நாடியால் மலையைக் காட்டினார்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், போட்டி போட்டுக்கொண்டு நேரத்தோடு ஓடுகிறவன், ஐந்து கிலோமீட்டர் ஏற்றம், எவனாவது ஆள் ஏற்றுவானா என்று. அதுதான் விஷயம். ஒரு வெள்ளைக்காரன் ஏற்றியிருக்க மாட்டான், அவனுக்கு அந்தக் கை என்ன சொல்கிறது என்றே விளங்கியிருக்காது. ஆனால் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடி வளர்ந்தவனுக்கு, வீதியில் வயது போனவர் ஒருவர் கையை அப்படி அசைத்தால் கால் தானாகவே நிலத்தில் ஊன்றும். தாண்டிப் போனால் அன்று முழுக்க மனம் குறுகுறுக்கும். நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் ஏற்றியிருக்க மாட்டேன்.

"ஏறுங்கோ ஐயா" என்றேன். தமிழில்தான். எனக்குப் பிரெஞ்சு நன்றியும் வணக்கமும் மட்டும்.

கரியரில் பை இருந்தது, ஆகவே சீட்டுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவில் இருக்கிற முன்பார்தான். அவர் வந்து, இடப்பக்கம் இரண்டு காலையும் போட்டு, பாரில் சாய்வாக ஏறி உட்கார்ந்து, ஹாண்டிலின் நடுவில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவ்வளவு சுத்தமாக ஏறினார். முன்சில்லு பாரத்தில் அமுங்கியது எனக்குத் தெரிந்தது. ஈரக் கம்பளி மணமும் புகையிலை மணமும் மூக்கில் ஏறின. அவருடைய தலை என் பார்வையை மறைத்தது, நான் கழுத்தை வலப்பக்கம் சாய்த்து, முழங்கால்கள் அவரில் இடிக்காமல் அகட்டிக்கொண்டு உழக்கத் தொடங்கினேன். "கொஞ்சம் முன்னுக்கு இருங்கோ" என்றேன், பழக்கதோஷம். அவர் கொஞ்சம் முன்னுக்குப் போய் இருந்தார்.

முதல் வளைவு வரை என் முட்டாள்தனத்தை நானே திட்டிக்கொண்டு போனேன். தனியாகவே ஏற முடியாத மலை, இதில் ஆள் வேறு. ஆனால் பாரில் ஆளை வைத்துக்கொண்டு ஓடுவதற்கென்று ஒரு ஓட்டம் இருக்கிறது. அவசரப்படக்கூடாது, எழும்பி நின்று உழக்கக்கூடாது, வெட்டி இழுக்கக்கூடாது, முன்னால் இருக்கிறவர் விழுந்துவிடுவார். ஒரே சீராக, மூச்சை நிதானமாக விட்டு, காலுக்குக் கால் கணக்காக மிதிக்க வேண்டும். அந்த ஓட்டம் என் கால்களுக்குத் தெரியும். கலியாணமான புதிதில் ராஜியை வைத்துக்கொண்டு எத்தனை மைல் ஓடியிருக்கிறேன். இரண்டாவது வளைவில் கையை இறக்கிச் சின்னக் கியரைப் போட்டேன், பாரில் ஆள் இருக்கும்போது கியரை இறக்குவதில் என்ன வெட்கம்? கியர்ப் பிடியை எட்டிப் பிடிக்கும்போது என் முழங்கை அவருடைய கோட்டில் உரசியது. ஈரமாக, சொரசொரவென்று இருந்தது. அந்த உரசல் எனக்கு இப்போதும் முழங்கையில் இருக்கிறது.

ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவர் மணி அடித்தார். கிணிங் கிணிங். இதுவும் எனக்கு அப்போது புதினமாகப் படவில்லை, ஏனென்றால் எங்கள் ஊர் வழக்கம் அதுதான். ஓடுகிறவன் ஹாண்டிலின் ஓரங்களைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவான், மணி அடிப்பது பாரில் இருக்கிறவரின் வேலை. ராஜி அடிப்பாள், என் தங்கைகள் அடிப்பார்கள், எவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. இவரும் அடித்தார். மணிக்கு மேலே இருந்த அவருடைய இடக்கைப் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே போனேன், நகம் கறுத்து நடுவில் வெடித்திருந்தது.

மூன்றாவது வளைவைத் தாண்டினேன். முதல் வருடம் நான் செத்த இடம். நான்காவதைத் தாண்டினேன், நான் விழுந்து கிடந்த புல் வலப்பக்கமாகப் போயிற்று. என் நெஞ்சு இடிக்கவில்லை. நம்புங்கள் நம்பாமல் போங்கள், ஐந்தாவது வளைவுக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புகாருக்குள்ளே, முன்னால் ஒரு பிரெஞ்சுக் கிழவரை ஏற்றிக்கொண்டு, ஒரு யாழ்ப்பாணத்தான் மலையேறிக்கொண்டே தனக்குள் சிரிக்கிறான். பாரம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன், பாரம் இருந்தது. ஆனால் அந்தப் பாரத்தோடு போக முடிந்தது. எனக்கு ஊர் வீதியில் போவதுபோல இருந்தது. "இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளுங்கோ ஐயா, வந்திட்டம்" என்று சத்தமாகவே சொன்னேன்.

ஏழாவது வளைவில் புகார் விலகி வெளிச்சம் வந்தது. கழகத்து ஆட்கள் எல்லோரும் பாதை ஓரத்தில் நின்றார்கள். ஜெஃப் கமெராவைத் தூக்கிக்கொண்டு நடுப்பாதையில் நின்று படம் எடுத்தார். கைதட்டினார்கள், கத்தினார்கள், ஒருவர் தொப்பியைக் கழற்றி எறிந்தார். யாரும் நான் ஏற்றி வருகிற ஆளைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு அதுவும் ஆச்சரியமாக இல்லை. ஆங்கிலேயர்கள், என் தலையில் கொம்பு முளைத்திருந்தாலும் இன்று கொஞ்சம் குளிர்தான் என்றுதான் சொல்வார்கள்.

கோட்டை வாசலில் ஒரு பெண், ஒரு கதவைச் சாத்திவிட்டு மற்றக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இடக்காலை ஊன்றி, சைக்கிளை இடப்பக்கம் சரித்தேன், பாரில் இருக்கிறவர் இறங்குவதற்காக. பாரம் இறங்கியது. அந்தப் பெண் சீக்கிரம் சீக்கிரம் என்று கையைக் காட்டினாள், நான் அட்டையை இழுத்தெடுத்து அவளிடம் நீட்டினேன். டக்கென்று முத்திரை விழுந்தது. சிவப்பு மையில் சின்னக் கோட்டை. என் கடிகாரத்தில் ஆறு மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது, அவளுடையதில் ஆறு தாண்டிவிட்டதாம். உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள், கதவைச் சாத்தத்தான் வந்தேன், கீழே இருந்து மணி கேட்டுக்கொண்டே வந்தது, யாரோ வருகிறார்கள் என்று பிடித்துக்கொண்டு நின்றேன் என்று.

திரும்பிப் பார்த்தேன், ஐயா இல்லை. வாசலுக்குள் போயிருப்பார் என்று நினைத்தேன். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று அவளைக் கேட்டேன். ஒருவரும் இல்லை, எல்லோரையும் அனுப்பிவிட்டுத்தான் வாசலுக்கு வந்தேன் என்றாள். கீழே ஒரு பாதை, மேலே பூட்டிய கோட்டை, இரண்டு பக்கமும் பள்ளம்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. இரண்டு காரணம். ஒன்று, பைத்தியம் என்பார்கள். மற்றது, அதைவிடப் பெரிய காரணம், ஆள் ஏற்றியது கழக விதிக்குப் பிழையோ என்னவோ, சொல்லப்போய் முத்திரையை அழித்துவிட்டால்? அந்த முத்திரையை நான் ஆவிக்கும் கொடுக்க மாட்டேன், ஆண்டவனுக்கும் கொடுக்க மாட்டேன். அன்று சாப்பாட்டு மேசையில் ஜெஃப் எழும்பி நின்று, நேசனின் சீட் இன்று முதல் காலி என்று அறிவித்தார். மறுநாள் திரும்பி வரும்போது அந்த இருக்கையில் தேநீர்ப் பிளாஸ்கை வைத்து பெல்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள். நான் டோவர் துறைமுகம் வரை பல்லைக் காட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் ஒன்று கேட்டார் ஜெஃப், ஏனப்பா, மலை முழுக்க அந்தச் சனியன் மணியை அடித்துக்கொண்டு வந்தாய், மூன்றாவது வளைவிலிருந்தே எங்களுக்குக் கேட்டதே, அதோடு யாரோடு பேசினாய், பிரார்த்தனையா என்று. ஓம், பிரார்த்தனைதான் என்றேன்.

வீட்டுக்கு வந்து ராஜியிடம் அட்டையைக் கொடுத்தேன். அவள் அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, முத்திரையில் ஒரு பொட்டுச் சந்தனமும் வைத்தாள். அவளுக்கும் நான் அந்த ஆளைப் பற்றிச் சொல்லவில்லை. களைப்பில் மூளை ஏதோ காட்டியிருக்கிறது, ஆளை ஏற்றியதாக நினைத்ததால்தான் சீராக ஓடினேன், சின்னக் கியரும் போட்டேன், அதனால் மலை முடிந்தது, மணியையும் நானே என்னை அறியாமல் அடித்திருப்பேன். இப்படிக் கணக்குப் போட்டு மனதை ஆற்றிக்கொண்டேன். நல்ல கணக்கு. யாரும் குறை சொல்ல முடியாது.

பத்து நாள் கழித்து ஜெஃப் படங்களைக் கழுவிக்கொண்டு வந்து டிக்கெட் கண்ணாடிக்குக் கீழால் ஒரு உறையைத் தள்ளினார். கடைசி வளைவில் எடுத்த படம். கழகத்தில் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்களாம், உலகத்திலேயே அசிங்கமாகச் சைக்கிள் ஓடுகிறவன் நீதான், முழங்கால் இரண்டும் தவளைபோல, கழுத்து ஒரு பக்கம், ஆனாலும் ஏறிவிட்டாயே என்றார். படத்தில் நான் மட்டும் இருந்தேன். பாரில் யாரும் இல்லை. எனக்கு ஒரு பெரிய நிம்மதி. நான் போட்ட கணக்குச் சரி.

வீட்டில் ராஜி அடுப்படியில் நின்றாள். படத்தைக் கொடுத்தேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள், சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

"இஞ்சாருங்கோ, இதிலை ஆரைப் பார்லை ஏத்திக்கொண்டு வாறியள்?"

நான் தேநீர் ஊற்றக் கேத்தலை எடுத்தேன்.

"இல்லை, எனக்குத் தெரியாதே? எத்தினை நாள் உங்கடை பார்லை இருந்தனான். ஆளை வச்சிருக்கேக்கைதான் நீங்கள் காலை உப்பிடி அகட்டுவியள், கழுத்தையும் உப்பிடிச் சரிப்பியள். இதிலை ஆளைக் காணேல்லை, ஆனா ஆள் இருக்கு."

அன்றைக்குத்தான் அவளுக்கு முழுவதையும் சொன்னேன். கோட்டு, கயிறு, வெடித்த நகம், எல்லாம். அவள் பயப்படவில்லை. "ஆராயிருந்தா என்னப்பா, ரெண்டு பேற்றை பாரத்தோடையெல்லோ ஏறியிருக்கிறியள். மற்ற ஆக்கள் தங்களை மட்டும்தானே கொண்டுபோனவை" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவளுக்கு ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டவன். எந்தப் பதக்கமும் அதற்கு ஈடாகாது.

அதற்குப் பிறகு அந்த மலையை நான் ஐந்து தரம் ஏறியிருக்கிறேன். ஐந்து தரமும் ஆறு மணிக்கு முன்னால், ஐந்து முத்திரையும் அட்டைகளோடு சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அகதிப் பத்திரம் போய்ப் பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. ஒவ்வொரு தரமும் கல்தொட்டியில் நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, யாரும் பார்க்காத நேரம் மெதுவாக "ஏறுங்கோ ஐயா" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுவேன். யாரும் ஏறியதில்லை. முன்சில்லு அமுங்கியதில்லை, மணி அடித்ததில்லை. நான் முழங்காலை அகட்டிக்கொண்டுதான் ஓடுகிறேன், சின்னக் கியரில், சீராக. அவர் பழக்கிவிட்ட ஓட்டம் இப்போது என்னுடையது.

படத்தைச் சட்டம் போட்டு வாசல் நடையில் மாட்டியிருக்கிறோம், வருகிறவர்களுக்கெல்லாம் ராஜி காட்டுவாள். ஆனால் மாட்டுவதற்கு முந்திய நாள் நான் என் பழைய பெட்டியைத் திறந்து, ஊரில் வரைபடம் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து, அந்தப் படத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். அளந்து பார்க்காமல் விடுவது என் தொழிலில் இல்லை. பார் காலியாக இருக்கிறது. என் வலக்கை ஹாண்டிலின் வலக்கோடியில் இருக்கிறது, இடக்கை இடக்கோடியில். பத்து விரலையும் எண்ணினேன், பத்தும் இருக்கின்றன. நடுவில் தனியாக ராஜி பூட்டிய மணி. அதன் நாக்கு அடிவரை அமுங்கியிருக்கிறது.